நான்காம் கவுண்டர்

சகாதா துறைமுகத்து நகராட்சி அலுவலகத்தில்
நான்காம் கவுண்டர் என்னுடையது, பத்தொன்பது வருஷமாக.
என் முன்னால் ஒரு பேனா, முத்திரைக்கு ஒரு மைப்பெட்டி,
மரத்தட்டில் மூன்று மூக்குக்கண்ணாடிகள்.
பச்சைப் புள்ளி லேசு.
மஞ்சள் நடுத்தரம்.
சிவப்பு பலம்.
யாருக்கும் சொந்தமில்லை. யாரும் திருடியதுமில்லை.

எல்லோரும் முதலில் பச்சையைத்தான் எடுப்பார்கள்.
மாட்டிக்கொண்டு, காகிதத்தைத் தள்ளிப் பிடித்து,
கிட்டே இழுத்து, மறுபடி தள்ளி,
"வெளிச்சம் போதலை, இல்ல?" என்பார்கள்.
ஆமாம், பனிக்காலம் என்பேன்.
பிறகு கை தன்பாட்டுக்கு மஞ்சளிடம் போகும்.
வருஷத்துக்கு இரண்டு முறை கீல் தளர்வது மஞ்சளுக்குத்தான்.
அந்தத் திருகாணியைக் கண்டு முடுக்க
எங்கள் அறையில் ஆளில்லை:
ஹகிவாராவுக்கு ஐம்பத்திரண்டு, மியாகேவுக்கு அறுபது.
வியாழக்கிழமை வரும் பகுதிநேரப் பையனுக்காக
அது ஒரு காகித உறைக்குள் காத்துக் கிடக்கும்.

மந்தமான ஒரு திங்களன்று எண்ணிப் பார்த்தேன்.
மதியம்வரை வந்தவர்கள் முப்பத்தொரு பேர்.
தட்டில் கை வைத்தவர்கள் பதினான்கு.
சொந்தக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு
மூக்கு காகிதத்தில் இடிக்கப் படித்தவர்கள் ஆறு.
ஒரு மீனவர், அடிவானத்துப் படகின் பெயரைச் சொல்வாராம்,
தன் பெயரை எழுதும் கட்டம் எங்கே என்று என்னைக் கேட்டார்.
ஓர் அம்மாளுக்குத் தெருவிளக்குகளுக்கெல்லாம் வால் முளைத்திருக்கிறது.
அதை ஒரு குறையாக அவர் சொல்லவில்லை,
இந்த வருஷம் விளக்கு அப்படி என்றார்.
மிச்சம் இளவட்டம்.
என்னைக் கணக்கில் சேர்க்கவில்லை.

எனக்கு நாற்பத்தேழு.
கோளாறு பிரிண்டரில்.
மை மிச்சமென்று எழுத்தைச் சிறிதாக்கிவிட்டார்கள்,
எட்டுக்கும் மூன்றுக்கும் இப்போது வித்தியாசமே இல்லை.

அன்று மாலை, கூரையிலிருந்து பனி சரிந்து விழும் நேரத்தில்
தொமிஸோ வந்தார், துறைமுகத்தில் கிரேன் ஓட்டி ஓய்ந்தவர்.
கூட ஸுமியெ, ரயிலடியில் சோற்றுப்பெட்டி விற்பவர்.
அறுபத்துமூன்று, ஐம்பத்தெட்டு.
சாட்சிக்கு கொந்தா என்றொரு நண்பர்.
இழுப்பறையைத் திறந்தேன், படிவம் கொடுத்தேன்,
வாழ்த்துச் சொன்னேன்.
அவர் பச்சை, இவர் மஞ்சள்.
ஒருவர் கட்டத்தில் இன்னொருவர் எழுதி,
சிரித்து, அடித்து, திருத்தி,
முத்திரை குத்தும்வரை வந்துவிட்டார்கள்.

கொந்தா வெட்கப்படாத மனிதர். நேரே சிவப்பை எடுத்தார்.
விரலை ஓட்டிக்கொண்டே உரக்கப் படித்தார்:
"மைனர் பிள்ளைகள் இனி யார் பொறுப்பில்?"

ஹகிவாரா தலை தூக்கினார்.
பிரிண்டர்கூட நின்றுபோன மாதிரி இருந்தது.
நான் கொடுத்தது விவாகரத்துப் படிவம்.
இரண்டு தலைப்பிலும் மணம் என்ற எழுத்து உண்டு,
விலகல் என்ற எழுத்துக்குத்தான் கோடுகள் நெருக்கம்;
என் கண்ணில் எல்லாம் ஒரே கறுப்புப் பொட்டு.

குனிந்தேன். மன்னிப்புக் கேட்டேன். மறுபடி குனிந்தேன்.
தொமிஸோவின் காது சிவந்தது.
ஸுமியெக்கோ விக்கல் எடுக்கும்வரை சிரிப்பு.
"அதை முதல்லயே முடிச்சாச்சு,
இனி என்ன பயம்?" என்றார்,
மஞ்சளைக் கழற்றித் துடைத்து அவர் முகத்தில் மாட்டிவிட்டு.
"உங்களுக்கு இதுதான். பச்சை இல்ல. ரொம்ப நாளா இல்ல."
அவர் அந்தக் கண்ணாடி வழியே
முதலில் பார்த்தது படிவத்தை அல்ல.
"ஓ," என்றார், அவ்வளவுதான்.
ஸுமியெ சட்டென்று கன்னத்தைக் கையால் மூடிக்கொண்டார்,
பிறகு எடுத்துவிட்டார்.

அவர்கள் போனபின் தப்பான காகிதத்தை
இயந்திரத்தில் கொடுத்துக் கிழித்தேன்.
கவுண்டரில் யாரும் இல்லை.
ஹகிவாரா முதுகு காட்டி உட்கார்ந்திருந்தார், வேண்டுமென்றே.
இழுப்பறையின் சீட்டை ஒருமுறை தள்ளி, ஒருமுறை நெருங்கி,
கடைசியில் தட்டுக்குக் கை நீட்டினேன்.

பச்சைதான் எடுத்தேன்.
வெளிச்சம் போதவில்லை.